உறங்கும் மேலாளரை எழுப்பலாமா?

அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணிப்பொறிகள் இன்று பல இல்லங்களுக்குக் குறைந்த விலையில் வந்து சேர்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் அவை போதுமானவையே. ஆயினும் அவற்றுள் சிலவற்றின் பயாஸ் பட்டியலில், 'மேனேஜ்மென்ட் என்ஜின்' செயலிழந்த நிலையில் இருப்பதாகக் குறிப்பு காணப்படும். வாங்கியவர் பொறி பழுதோ என அஞ்சுவதும், அதனை உடனே இயக்கிவிட முனைவதும் இயல்பு. அதற்கு முன் அதன் தன்மையை அறிந்துகொள்வோம்.

இன்டெல் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு முதல் தன் சிப்செட்டுகளில் முதன்மைச் செயலியைச் சாராத ஒரு சிறு செயலியை அமைத்து வருகிறது. அதுவே மேனேஜ்மென்ட் என்ஜின். வீபுரோ முத்திரை பெற்ற மாதிரிகளில் அது தொலைமேலாண்மைப் பணியையும் ஆற்றும். மின்கம்பி செருகப்பட்டிருந்தால் போதும். அணைந்து கிடக்கும் கணிப்பொறியைக்கூட வேறோர் இடத்திலிருந்து இயக்கலாம், பழுது பார்க்கலாம். நூற்றுக்கணக்கான பொறிகளைப் பேணும் நிறுவனத்துக்கு இது பேருதவி.

அது செயலிழந்திருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணத்திற்கேற்பவே மருந்தும் வேறுபடும். எளியதிலிருந்து தொடங்குவதே முறை.

முதலாவது, பயாஸ் பட்டியலில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். அங்கேயே மீண்டும் இயக்கிவிடலாம். பல மாதிரிகளில், பொறி தொடங்கும்போது கண்ட்ரோல், பி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் தனி அமைப்புத் திரை தோன்றும். மாற்றப்படாத பொறியில் அதன் கடவுச்சொல் 'அட்மின்' என்பதே.

இரண்டாவது, தாய்ப்பலகையில் உள்ள ஜம்பர். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9010, 9020 மாதிரிகளில் 'சர்வீஸ் மோட்' என்று குறிக்கப்பட்ட இரு முளைகள் உள்ளன. அவற்றை ஜம்பரால் இணைத்தால் என்ஜின் அடங்கும். பயாஸ் சிப்பின் எழுத்துப் பூட்டும் திறக்கும். பழுது பார்த்தவர் அதனை எடுக்க மறந்திருக்கக்கூடும். மின்கம்பியைக் கழற்றிய பின் ஜம்பரை நீக்கினால் குறை தீரும்.

மூன்றாவது, முந்தைய உரிமையாளர் பாதுகாப்புக் கருதி என்ஜினின் ஃபர்ம்வேரையே குறைத்திருக்கலாம். அதனை மீட்கச் சிப்பில் மீண்டும் எழுத வேண்டும். இப்பணி தேர்ந்தவர் கைக்கே உரியது. முதலில் சிப்பில் உள்ளதை இருமுறை படித்து, இரு படிகளும் ஒத்துள்ளனவா எனப் பார்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். வேறொரு பொறியின் கோப்பை முழுமையாக எழுதுவது தவறு; ஒவ்வொரு பொறிக்கும் உரிய வலைமுகவரி முதலியன அச்சிப்பிலேயே உள்ளன.

ஓர் அடையாளத்தை மட்டும் நினைவிற் கொள்க. கணிப்பொறி ஒவ்வொரு முறையும் சரியாக 30 நிமிடத்தில் தானே அணைந்தால், என்ஜினின் ஃபர்ம்வேர் சிதைந்திருக்கக்கூடும். அப்போது மீட்பது கட்டாயம். மற்றபடி, அது அடங்கியிருப்பதால் எழுதுவதற்கோ படிப்பதற்கோ இணையம் பார்ப்பதற்கோ எவ்விதக் குறையும் நேராது.

எழுப்புவதில் ஆபத்தும் உண்டு. 2017 மே மாதத்தில் இன்டெல் ஒரு பெரும் பிழையை வெளியிட்டது. 6 முதல் 11.6 வரையிலான ஃபர்ம்வேர் பதிப்புகளில், தொலைமேலாண்மை இயங்கும் பொறிக்குள் கடவுச்சொல் அறியாதவரும் வலையமைப்பு வழியே நுழைய இயலும் என்பதே அது. மேற்சொன்ன டெல் மாதிரிகளும் அக்காலத்தவையே. ஆகவே எழுப்பும் முன், தயாரிப்பாளர் வெளியிட்ட திருத்தப் பதிப்பை நிறுவுவதும், எழுப்பியவுடன் கடவுச்சொல்லை மாற்றுவதும் தவிர்க்கலாகாதவை.

வெளிநாட்டில் பணிபுரியும் மகன், ஊரிலுள்ள பெற்றோரின் கணிப்பொறியைக் கவனித்துக்கொள்ள இது உதவாதா என்று கேட்கலாம். அதற்குச் சாதாரணத் தொலைஉதவி மென்பொருளே போதும். பெற்றோர் பார்த்திருக்க, அவர்கள் இசைவுடன் அது இயங்கும்; வேலை முடிந்ததும் மூடிவிடலாம். தொலைமேலாண்மையை இணையத்தை நோக்கித் திறந்து வைப்பதோ, ஆளில்லா நேரத்தில் வாசற்கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, தேவை உள்ளவர் திருத்தத்துடன் எழுப்புக. தேவையற்றோர் உறங்குவதை உறங்கவிடுவதே நன்று. மூடியுள்ள கதவெல்லாம் பழுதான கதவன்று.