நடுவுல ஒருத்தர் பேசலை

ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படம் பார்ப்பதற்காக வாங்குகிறவர்கள் ஒரு ரகம். எதிர் ஃபிளாட்காரருக்குக் கேட்கட்டும் என்று வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். நான் முதல் ரகம் என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் கடைக்குப் போய் நான் கேட்ட முதல் கேள்வி: "பேஸ் எப்படிங்க... ஜன்னல் அதிருமா?"

அதிரும் என்றார்கள். போனஸில் பாதியைக் கொடுத்து, மீதிக்குப் பன்னிரண்டு மாதத் தவணை எழுதிக்கொடுத்து வாங்கிவந்துவிட்டேன். ரிசீவர் என்கிற கனமான கறுப்புப் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் ஐந்து, சப்–வூஃபர் ஒன்று. இதற்குப் பெயர் 5.1. புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஐந்தில் மூன்று டி.வி. பக்கம், இரண்டு நமக்குப் பக்கவாட்டில். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒன்று இடி, வெடி, யானை நடை மாதிரியான கனத்த சமாசாரங்களுக்கு மட்டும்.

மாட்டித்தர ஒரு தம்பி வந்தார். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. இடது ஸ்பீக்கர் ஷோகேஸில், வலது ஸ்பீக்கர் ஃபிரிட்ஜ் தலையில், நடு ஸ்பீக்கர் ஷோகேஸின் கீழ்த்தட்டில் குலதெய்வப் படத்துக்குப் பின்னால். "வயர் எட்டலை சார்" என்று மீதி இரண்டையும் ஒரே ஜன்னல் மேல் ஜோடியாக உட்காரவைத்தார். ரிமோட்டில் எதையோ அமுக்கி, "எல்லா ஸ்பீக்கரும் பாடுது பாருங்க" என்றார். பாடியது. ஜன்னலும் அதிர்ந்தது. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. தபால் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து, 'கட் கடகட்' என்று வரும் மோர்ஸ் ஓசையைக் காதால் கேட்டுக் கையால் எழுதியவர். 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்தினார்கள். அன்றைக்கு அவர் பேப்பரைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துவைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காதை வைத்துக் குடும்பம் நடத்திய மனுஷருக்கு இப்போது காதுதான் தகராறு. டாக்டரிடம் காட்டினோம். வயசானால் கீச்சென்ற மெல்லிய ஓசைகள்தான் முதலில் போகுமாம். ச, த, ப மாதிரி எழுத்துகளை அடையாளம் காட்டுகிறவை அந்த ஓசைகள்தான். அதாவது உயிரெழுத்து வந்து சேர்ந்துவிடும். மெய்யெழுத்துதான் வழியிலேயே இறங்கிவிடும். தட்டு, பட்டு எல்லாம் அவருக்கு ஒன்று.

படம் பார்க்கும்போது, "என்னடா சொன்னான்?" என்பார். "அப்புறம் சொல்றேம்ப்பா" என்பேன். அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை. கொஞ்ச நாளில், "எனக்கு இப்பல்லாம் படமே பிடிக்கறதில்லைடா" என்று பேப்பரோடு பால்கனிக்குக் குடிபோய்விட்டார். நானும் நம்பிவிட்டேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

புது ஹோம் தியேட்டரைப் பார்க்க வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தார். எழுந்து போகும்போது, "சத்தமெல்லாம் பிரமாதம்டா. பேச்சுதான் வரலை" என்றார்.

அன்றைக்கு ராத்திரிதான் ரிசீவரின் கையேட்டைத் திறந்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெரிந்தது. நான் தவணை கட்டுவது 5.1–க்கு. கேட்டுக்கொண்டிருப்பது வெறும் ஸ்டீரியோ!

முதல் குற்றவாளி டி.வி. அதன் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்று ஒன்று, பி.சி.எம். என்று இருந்தது. ஒற்றை எச்.டி.எம்.ஐ. வயரில் டி.வி.யிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் 'ஆர்க்' வசதியில், பி.சி.எம். என்று வைத்தால் பொதுவாக இரண்டு சேனல்தான் போகும். அதை 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்ற வேண்டும். இரண்டாவது குற்றவாளி, தம்பி அமுக்கிவிட்டுப் போன பொத்தான். 'ஆல் சேனல் ஸ்டீரியோ'. ஒரே பாட்டை எல்லா ஸ்பீக்கரும் கோரஸாகப் பாடும் முறை. கல்யாண வீட்டுக்குச் சரி. படத்துக்கு அல்ல.

இரண்டையும் மாற்றினேன். ரிசீவர் நெற்றியில் 'டால்பி டிஜிட்டல்' என்று எழுத்து வந்தது. எனக்குப் புல்லரித்தது. ஒரு படத்தைப் போட்டேன். மழை பெய்கிறது, கார் வழுக்குகிறது, வயலின் அழுகிறது. ஹீரோ மட்டும் வாயை வாயைத் திறக்கிறார். ஒரு சொல் வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் கேட்காமல் இருந்தது இப்போது வீட்டில் யாருக்குமே கேட்கவில்லை. "இதுக்கா இவ்வளவு பணம்?" என்றாள் மனைவி. அதுமட்டும் ஸ்பஷ்டமாகக் கேட்டது.

காரணம் இதுதான். சினிமாவில் ஒலி சேர்க்கிறவர்கள் பேச்சைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வைப்பார்கள். தியேட்டரில் திரை முழுக்கப் பொடிப்பொடியாகத் துளை இருக்கும். அதற்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர். ஓரத்து சீட்டில் உட்கார்ந்தவருக்கும் ஹீரோயின் குரல் ஹீரோயின் இருக்கிற இடத்திலிருந்தே வர வேண்டும் அல்லவா? 1992–ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தபோதும் இதே ஏற்பாடுதான். இன்றைக்கு நம் ஹாலுக்கு வந்திருப்பதும் அதே. நடு ஸ்பீக்கர் செத்தால் வசனமும் சாகும். ஆல் சேனல் கோரஸில் மற்ற நாலு பேரும் சேர்ந்து கத்தியதால், நடுவில் ஒருத்தர் பேசாமல் இருந்தது தெரியவே இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இது முக்கியம்) ரிசீவரைத் திருப்பிவைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பால்கனியிலிருந்து அப்பா வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஐந்தே விநாடி.

"தோலைக் கடிச்சிருக்குடா. செம்பைக் கடிக்கலை."

தம்பி வயரின் பிளாஸ்டிக் உறையைப் போதுமான அளவு உரிக்காமல் திருகிவிட்டிருந்தார். அப்பா பிளேடு வாங்கி, அரை அங்குலம் உரித்து, செம்பு இழைகளை முறுக்கி, ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடாமல் சொருகித் திருகினார். தொட்டால் ஷார்ட் ஆகி ரிசீவர் மூச்சை நிறுத்திக்கொள்ளும். விரல் நடுங்கியது. வேலை நடுங்கவில்லை.

"பிளஸ், மைனஸ் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இணைந்திருந்தால் மற்றவை முன்னே தள்ளும்போது அது பின்னே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. சுவர்க் கடிகாரத்தின் ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கழற்றிவரச் சொன்னார். ரிசீவரிலிருந்து கழற்றிய வயர் நுனியில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் எம்பும். ஜன்னல் ஸ்பீக்கர் ஒன்று உள்ளே போனது. மாற்றினோம். இவ்வளவு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் ரிப்பேர் அதுதான்.

அப்புறம் இடமாற்றல் உத்தரவுகள். குலதெய்வம் நகர்ந்து வழிவிட்டது. நடு ஸ்பீக்கர் டி.வி.க்கு நேர் கீழே, தட்டின் விளிம்பு வரை முன்னால் வந்து, காதைப் பார்த்து லேசாக நிமிர்ந்தது. இடதும் வலதும் டி.வி.க்கு இருபுறமும், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில். ஜன்னல் ஜோடி பிரிந்தது. அவை இரண்டும் நமக்கு இரு பக்கமும், காதுக்கு நேராகவும் இல்லாமல் முழுக்கப் பின்னாலும் இல்லாமல், தோளுக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். கணக்காகச் சொன்னால், டி.வி.யிலிருந்து 110 முதல் 120 டிகிரி. காதுக்குக் கொஞ்சம் மேலே.

சப்–வூஃபருக்கு மட்டும் ஒரு விசித்திர வைத்தியம். அதைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவில் வைத்துவிட்டு, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டு, நாம் சுவரோரமாகத் தரையில் தவழ வேண்டும். எந்த இடத்தில் பேஸ் குடத்துக்குள் பேசுவது மாதிரி கும்மென்று இல்லாமல் ஒரே சீராகக் கேட்கிறதோ, அங்கே அதை வைக்க வேண்டும். நான் நாலு காலில் இருந்தபோது திறந்த கதவில் எதிர் ஃபிளாட் ரிடையர்ட் தாசில்தார் நின்றார்.

"என்ன தம்பி, ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

"பேஸ் தேடறேன் சார்."

"எங்க வீட்ல நிறைய இருக்கு. வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

கடைசியாக, அந்த மைக். அநேகமாக எல்லா ரிசீவரோடும் சின்னதாக ஒன்று கொடுக்கிறார்கள். தம்பி அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கீச்சொலி அனுப்பி, எது எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தம் என்று தானே அளந்துகொள்ளும். ஒலி ஓர் அடி வர ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். டி.வி. பக்கத்து ஸ்பீக்கர் ஒன்பது அடியிலும் தோள் பக்கத்து ஸ்பீக்கர் நாலு அடியிலும் இருந்தால், கிட்டே இருப்பதைக் கொஞ்சம் காக்கவைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுசேர்ப்பதுதான் ரிசீவரின் வேலை.

இதற்கு வீடு நிசப்தமாக இருக்க வேண்டும். முதல் தடவை குக்கர் விசில். இரண்டாம் தடவை, தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு, ஃபேனை நிறுத்தி, எல்லோரையும் பேசக்கூடாது என்று உட்காரவைத்து, என் சோபாவில் பழைய தீபாவளி மலர்களை அடுக்கி அதன் உச்சியில் மைக்கை வைத்தேன்.

மனைவி வாயைத் திறக்காமல் கையால் கேட்டாள்: மாமா எங்கே உட்காருவார்?

பல ரிசீவர்களில் மைக்கின் முதல் இடம்தான் தூரத்துக்கும் சத்தத்துக்கும் அடிப்படை. அந்த இடத்தில் இருப்பவர்தான் அதற்கு ராஜா. நான் யோசிக்காமல் என் இடத்தில் வைத்திருந்தேன். தீபாவளி மலர்களோடு அப்பாவின் பிரம்பு நாற்காலிக்கு மாறினேன்.

அளந்து முடித்ததும் மூன்று திருத்தம். ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று அது குறித்திருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைக்கலாம். அதற்குக் கீழுள்ள கனமெல்லாம் சப்–வூஃபர் தலையில் விழும். குட்டி ஸ்பீக்கர்கள் மூச்சு வாங்காமல் பேசும். அடுத்தது, நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். மூன்றாவது, 'நைட் மோட்'. வெடிச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கி முணுமுணுப்பைக் கொஞ்சம் தூக்கும். சப்–வூஃபரின் தூரத்தை மட்டும் திருத்தவில்லை. டேப் ஆறு அடி என்றது, ரிசீவர் அதைவிட அதிகம் சொன்னது. சப்–வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சங்கதிகளின் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அது பிசகல்ல, விட்டுவிட வேண்டும்.

இதில் எதற்கும் பைசா செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பிளேடு, ஒரு கடிகார பேட்டரி. ஜன்னல் இப்போது அதிர்வதில்லை.

சாயங்காலம் ஒரு காமெடிப் படம் போட்டோம். "சும்மா ரெண்டு நிமிஷம்" என்று அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பர் மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். என்னுடையது அல்ல, மனைவியுடையதும் அல்ல. நான் திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் வசனத்தைக் கோட்டைவிட்டுவிட்டேன்.

"என்னப்பா சொன்னான்?" என்றேன்.

"அப்புறம் சொல்றேன், பேசாம இரு" என்றார்.

இடைவேளையில் காபியை ஆற்றிக்கொண்டே, அந்த நடிகரைப் பற்றித் தன் தீர்ப்பைச் சொன்னார்: "இந்தப் பையன் முன்னெல்லாம் வாய்க்குள்ளயே பேசுவான். இப்ப தேறிட்டான்டா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒன்பது தவணை பாக்கி இருக்கிறது.