உரக்கடையில் கார்டு மெஷின்: ரொக்க விலையா, கடன் விலையா?

முன்னெல்லாம் எங்க பக்கத்து டவுனில் நகைக்கடை, பெரிய ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க் இதுல மட்டும்தான் கார்டு தேய்க்கிற மெஷினைப் பாக்க முடியும். இப்ப உரக்கடை, பூச்சிமருந்துக் கடை, சொட்டுநீர் பைப் கடை, டிராக்டர் ஸ்பேர் கடை வரைக்கும் வந்தாச்சு. உரக்கடை மேசையில் ரெண்டு மெஷின் உக்காந்திருக்கு. ஒண்ணு மானிய உரத்துக்குக் கைரேகை கேக்கறது. 2018-லிருந்து நாடு முழுக்க இருக்கு. இன்னொண்ணு காசு வாங்கறது. களை வெட்டித் தேஞ்ச கையின் ரேகையை முதல் மெஷின் நாலு தடவை திருப்பி அனுப்பும். காசு மெஷினுக்கு அந்தச் சிரமமே இல்லை!

மெஷின் வேண்டாம்னு சொல்ல வரலை. கடைக்காரருக்கு அதுல எவ்வளவு போகுது, எவ்வளவு மிஞ்சுதுன்னு நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

கிரெடிட் கார்டில் 10,000 ரூபாய்க்குத் தேய்ச்சா கடைக்காரர் கணக்குல முழுசா ஏறாது. சுமார் 2 சதவீதம் கழிப்பாங்க. பேங்கைப் பொறுத்து கூடக் குறைய இருக்கும். அந்தக் கழிவு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 236 ரூபாய் போக 9,764 ரூபாய், பெரும்பாலும் மறுநாளே வந்துடும். நம்ம பேங்க் கணக்கிலிருந்து யூபிஐயில் அனுப்பினாலோ, ரூபே டெபிட் கார்டில் தேய்ச்சாலோ 2020 ஜனவரியிலிருந்து இந்தக் கழிவே கிடையாது. கார்டை நீட்டினா முகம் சுருங்கறதும், ஜிபேன்னா சிரிக்கறதும் இதனாலதான்.

இந்த 2 சதவீதத்தை "கார்டுன்னா சேத்துக் குடுங்க"ன்னு நம்ம தலையில வைக்கறாங்க. யூரியாவையே எடுத்துக்குங்க. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதுல 2 சதவீதம்னா 5 ரூபாய் 33 காசு. யூரியாவில் கடைக்காரருக்கு நிக்கறதே சொற்பம். அதுக்குக் கார்டு வேண்டாம், ரொக்கமா குடுங்கன்னு அவர் சொன்னா நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனா மூட்டையில் அச்சடிச்ச விலைக்கு மேல அஞ்சு ரூபாய் வாங்க அவருக்குச் சட்டத்துல இடமில்லை.

பூச்சிமருந்து, நுண்ணூட்டம், பைப் சாமான் கதை வேற. அதுல லாபம் தாராளம், விலையும் ரெண்டு. ரொக்க விலை, கடன் விலை. இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நோட்டுல எழுதி வாங்கினா, அறுப்பு முடிஞ்சு மஞ்சளோ நெல்லோ வித்துக் குடுக்கறவரைக்கும் கடைக்காரர் பொறுத்திருக்கணும். பணம் முடங்குது, சில சமயம் வராமலே போகுது. அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் கடன் விலை. நோட்டுக் கடனை நான் ஒண்ணும் கொண்டாட வரலை. கடனாளிக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை கிடையாது. எது தேங்கிக் கிடக்குதோ அதைத்தான் "இதை அடிங்க, நல்லாக் கேக்கும்"னு குடுப்பாங்க.

இப்ப கார்டு தேய்க்கிறவரை எந்த வரிசையில் சேர்க்கறது? கடைக்காரருக்கு மறுநாள் பணம். நாம திருப்பிக் கட்டாமப் போனா அந்தத் தலைவலி பேங்குக்கு, அவருக்கு இல்லை. அப்படின்னா அவரைப் பொறுத்தவரை அது ரொக்க வியாபாரம். ஆனா பல கடைகளில் கடன் விலையைப் போட்டு, அதுக்கு மேல ரெண்டு சதவீதமும் கேக்கறாங்க. இதுதான் எனக்கு நியாயமாப் படலை. ரொக்க விலையைப் போட்டு அந்த ரெண்டு சதவீதத்தைச் சேர்த்துக் கேட்டாக்கூட, முழு மனசா இல்லைன்னாலும் குடுக்கலாம். ரெண்டையும் சேத்து வாங்கறது ஒரே மாட்டை ரெண்டு தடவை கறக்கற மாதிரி.

நம்ம பக்கமும் ஒரு சங்கதி இருக்கு. கார்டில் வட்டியில்லாக் கெடு அதிகபட்சம் 45, 50 நாள். மஞ்சள் ஒம்பது மாசப் பயிர். ஆடியில் தேய்ச்ச மருந்துக் காசுக்குப் புரட்டாசிக்குள்ள பணம் கட்டணும். பயிர் அப்ப காட்டுல பச்சையா நிக்கும். கட்டலைன்னா மாசத்துக்கு மூணு, மூணரை சதவீதம் வட்டி, வட்டிக்கும் ஜிஎஸ்டி. மூணரைன்னு வச்சா, 10,000 ரூபாய்க்கு ஒரு மாசத்துல 413 ரூபாய். "குறைந்தபட்சத் தொகை கட்டினாப் போதும்"னு மெசேஜ் வரும். போதவே போதாது, மீதிக்கு வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். பால் காசோ, வீட்டுல யாருக்காவது சம்பளமோ மாசாமாசம் வர்றவங்களுக்குக் கார்டு ஒத்து வரும். வெள்ளாமைக் காசை மட்டும் நம்பியிருக்கிறவங்களுக்கு 1998-லேயே கிசான் கிரெடிட் கார்டுன்னு ஒண்ணு வந்துச்சு. பேர்ல மட்டும்தான் ரெண்டும் ஒண்ணு. அதுல கெடு அறுப்பை வச்சுப் போடறது. குறுகிய காலப் பயிர்க் கடனை ஒழுங்காக் கட்டினா வட்டி வருஷத்துக்கே 4 சதவீதம்தான். கார்டு வித்துக்கிட்டு வீட்டுப் படியேறி வர்ற பையன்கள் இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வாரம் வழக்கமாப் போற கடையில் இதைக் கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்கு நாளைக்கே காசு வந்துடுதுல்ல, எனக்கு ஏன் நோட்டு விலை போடறீங்க?" அவர் கொஞ்ச நேரம் பில் புக்கையே பாத்தாரு. அப்புறம் மருந்துக்கு ரொக்க விலையைப் போட்டு, கீழ தனி வரியில் ரெண்டு சதவீதத்தை எழுதினாரு. "மத்தவங்ககிட்டச் சொல்லிடாதீங்க அண்ணா"ன்னும் சொன்னாரு. கடை பேர் எழுதலை, மத்ததை எழுதிட்டேன். உங்க ஊர்க் கடையில் எந்த விலை போடறாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க.