பூட்டைத் திறக்காத புத்தகங்கள்

ஜேம்ஸ் வாட்டின் கெண்டி இன்னும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. நியூட்டனின் தலையில் ஆப்பிள் விழுந்த வண்ணமே இருக்கிறது. கண்டுபிடிப்புகளின் கதையைச் சொல்லவந்த சிறுவர் புத்தகம் எதையாவது கடையில் எடுத்துப் புரட்டுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும்.

ஆப்பிள் விழுந்ததைப் பற்றி 1726-ல் நியூட்டனே தம் நண்பர் ஸ்டூக்லியிடம் பேசியதுண்டு. ஆனால் தலையில் விழுந்ததாக அவர் சொல்லவில்லை. வாட்டின் விஷயம் இதைவிட மோசம். 1712-லேயே நியூகாமன் என்பவரின் நீராவி எந்திரம் இங்கிலாந்துச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க வந்துவிட்டது. வாட் செய்தது என்ன? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான அந்த எந்திரத்தின் மாதிரி ஒன்றைப் பழுது பார்க்க எடுத்தார். உருளையை ஒவ்வொரு தடவையும் சூடாக்கிக் குளிர வைப்பதிலேயே நீராவியில் பெரும்பகுதி பாழாவதைக் கண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைத்தால் என்ன என்று 1765-ல் அவருக்குத் தோன்றியது. 1769-ல் பேடண்ட் வாங்கினார்.

பழுதுக்கு வந்த சாமானை உற்றுப் பார்த்த ஒரு கைவினைஞனின் கதை இது. எவ்வளவு நல்ல கதை! இதை விட்டுவிட்டுக் கெண்டியைப் பிடித்துக்கொள்வானேன்? கெண்டிக் கதையில் எழுதுகிறவருக்கு எதுவும் விளங்கியிருக்க வேண்டியதில்லை. மேதை பிறந்தார், பார்த்தார், கண்டுபிடித்தார். வருஷத்தைப் போட்டு, படத்தையும் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? திண்டுக்கல்லில் பிறந்த ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். வாசற்கதவில் உள்ளூர்ப் பூட்டு தொங்குகிறது. அதன் வயிற்றுக்குள் லீவர்கள் என்னும் உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே நேராக வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு அசைந்து கொடுக்காது. இதே தத்துவத்தில் ஜெரமையா சப் 1818-ல் இங்கிலாந்தில் ஒரு பூட்டுச் செய்தார். எவராலும் திறக்க முடியாது என்று பெயர் வாங்கிய அந்தப் பூட்டை, 1851-ல் லண்டன் மகா கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சுமார் அரை மணி நேரத்தில் சாவியில்லாமல் திறந்து காட்டினார். துப்பறியும் கதைக்கு இது எந்த விதத்தில் குறைந்தது?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் எந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டுகளின் போட்டியில் பட்டறைகள் தேய்ந்துவந்திருக்கின்றன. அரத்தைப் பிடித்துச் சாவிக்குப் பல் வெட்டுகிறவர் செய்வதும் விஞ்ஞானம்தான் என்று பையனிடம் எந்தப் புத்தகம் சொல்லிற்று? எடிசன் பிறந்த வருஷம் அவனுக்குத் தெரியும். தெருமுனைப் பட்டறை தெரியாது. விஞ்ஞானம் என்பது கடலுக்கு அப்பால் நடக்கும் சமாச்சாரம் என்றே அவன் வளர்கிறான்.

சரித்திரப் புத்தகங்களும் இப்படித்தான். ஊர் நடுவே நிற்கும் பாறையின்மேல் 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பினார். 1755-ல் ஹைதர் அலி வந்தார். 1792-ல் கும்பினியார் கைக்குப் போயிற்று. சரி, இத்தனை பேர் இந்த ஒரு பாறைக்காக ஏன் மோதினார்கள்? அதன்மேல் நிற்பவன் கண்ணுக்கு எந்தெந்தப் பாதை தெரிந்தது? முற்றுகைக் காலத்தில் குடிக்கத் தண்ணீர் ஏது? குழந்தை கேட்பது இதைத்தான். புத்தகம் ராஜாக்களின் பெயரை ஒப்பிக்கிறது.

இதற்கு மாற்று என்று இன்னொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. ஆகாய விமானம் முதல் அணுகுண்டு வரை எல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் இவர்கள். எப்படிப் பறந்தது என்று கேட்டால் மௌனம். கெண்டிக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

"குழந்தைக்கு அவ்வளவு விவரம் புரியாதே?" என்பார்கள். கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அடி வாங்குவது யார், தாத்தாவா? தமிழில் சொல்ல முடியாது என்பதும் வீண் பேச்சு. பெ. நா. அப்புஸ்வாமி தம் நீண்ட ஆயுளில் விஞ்ஞானத்தைத் தெளிந்த தமிழில் எழுதிக் காட்டியவர். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியமே கொண்டுவந்தது.

பிரசுரகர்த்தர்களை மட்டும் ஏசிப் பயனில்லை. காசு கொடுத்து வாங்குவது நாம். நமக்காக ஒரு நாவலை எடுத்தால் நாலு பக்கமாவது படித்துப் பார்க்கிறோம். பிள்ளைக்கு என்றால் வழவழப்பான அட்டையைப் பார்த்து, வினாடி வினாவுக்கு உதவும் என்று வாங்கிவிடுகிறோம். அடுத்த தடவை கடையிலேயே நின்று, அதில் ஏதேனும் ஓர் எந்திரத்தைப் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு விளங்கியதா? விளங்கினால் வாங்குங்கள். இல்லையென்றால், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏன் வைத்தீர்கள் என்பதைக் கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.