குற்றம் ஒருத்திக்கு, குறுகுறுப்பு இன்னொருத்திக்கு



‘தி குளோரி’ என்ற கொரியத் தொடரை உங்களில் பலர் எப்போதோ பார்த்திருப்பீர்கள். நான் போன வாரம்தான் 16 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். 2022 டிசம்பர் கடைசியில் பாதியும் 2023 மார்ச்சில் மீதியுமாக நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர் இது. இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் இந்தப் பதிவைப் பிறகு படியுங்கள். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன்.

இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கதாநாயகி பழிவாங்கியது சரியா, தவறா? எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. இவ்வளவும் நடந்த பிறகு இதில் யாருடைய மனசு குத்தியது?

பார்க்காத உறவினர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோங்-உன் ஏழை வீட்டுப் பெண். பள்ளியில் யோன்-ஜின் என்ற பணக்காரப் பெண்ணும் அவள் கூட்டாளிகள் நால்வரும் அவளைப் பிடித்து வைத்து, முடி சுருட்டும் இரும்பைச் சூடாக்கி உடம்பெல்லாம் சுடுகிறார்கள். போலீஸுக்குப் போகிறாள், பலனில்லை. பெற்ற தாயே பணத்தை வாங்கிக்கொண்டு சமரசக் கையெழுத்துப் போடுகிறாள். பள்ளியை விட்டு வெளியேறும் டோங்-உன், ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஆகிறாள். ஏறத்தாழ 18 ஆண்டுகள் காத்திருந்து, யோன்-ஜினின் மகள் யே-சோலுக்கே வகுப்பாசிரியையாக வந்து நிற்கிறாள்.

நான் வாத்தியார் என்பதால் என் கண் முதலில் போனது பள்ளிக்கூடத்தின் மேல்தான். பள்ளியை விட்டு விலகும்போது காரணத்தை எழுதச் சொல்கிறார்கள். டோங்-உன் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கிறாள். அதைப் படித்த வகுப்பாசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அவளை அறைகிறார். ஆசிரியர் அறையில், மற்ற ஆசிரியர்கள் இருக்கும்போதே. அறைகிறவரைவிட அந்த மற்றவர்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உதவ முன்வந்த ஒரே ஆள் பள்ளியின் செவிலியர். அவரால் அந்தப் பள்ளியில் நீடிக்க முடியாமல் போகிறது.

நம் ஊர் டி.சி.யிலும் விலகும் காரணத்துக்கு ஓர் இடம் உண்டு. “பெற்றோர் விருப்பம்” என்று இரண்டே சொல்லில் அதை நிரப்பிவிடலாம். அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளின் அழுகை அடங்கிப் போயிருக்கும் என்பது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தெரியும். கதையிலும் டோங்-உன்னுக்கு முன்னால் அதே கூட்டம் சோ-ஹீ என்ற பெண்ணை வதைத்திருக்கிறது. அவள் உயிரே போய்விட்டது. டோங்-உன் போன பிறகு கியோங்-ரான் என்ற பெண் அகப்படுகிறாள். ஒருத்தி போனதும் அந்த இடம் இன்னொருத்தியால் நிரம்புகிறது. பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்ட வகுப்பில் அப்படித்தான் நடக்கும்.

இனிப் பழிவாங்கலுக்கு வருவோம். அவள் கத்தி எடுப்பதில்லை. ‘கோ’ என்கிற, கறுப்பு வெள்ளைக் காய்களால் எதிராளியின் இடத்தைச் சுற்றி வளைக்கும் பலகை விளையாட்டைக் கற்றுக்கொள்கிறாள். நம் ஆடுபுலி ஆட்டம் விளையாடியவர்களுக்கு அது எளிதில் புரியும். ஆடு புலியைக் கடிக்காது. நகர இடமில்லாமல் அடைத்துவிடும். டோங்-உன் செய்வதும் அதுதான். ஒருவரின் ரகசியத்தை இன்னொருவருக்குத் தெரியவைக்கிறாள். அந்தக் கூட்டம் ஒன்றையொன்று தின்று அழிகிறது.

அப்படியானால் அவள் கை சுத்தமா? ஹியோன்-நாம் என்ற பெண், நாள்தோறும் கணவனிடம் அடி வாங்குகிறவள். டோங்-உன்னுக்காக உளவு பார்க்கச் சம்மதிக்கிறாள். அதற்குக் கூலி அந்தக் கணவனின் சாவு. கடைசியில் அவனைக் கார் ஏற்றிக் கொல்வது யோன்-ஜினின் அம்மா. டோங்-உன்னின் விரல் எதிலும் படவில்லை. ஆனால் அந்தச் சாவு நடக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு வேலை வாங்கியவள் அவள்.

அதைவிடச் சிக்கலானது கியோங்-ரான் விஷயம். கூட்டாளிகளில் ஒருவனான மியோங்-ஓவை யோன்-ஜின் அடித்து வீழ்த்துகிறாள். அப்போது அவன் சாகவில்லை. அவன் உயிரை முடித்த அடி கியோங்-ரானுடையது. யோன்-ஜின் தன் கையால்தான் அவன் செத்தான் என்று நம்பிக்கொண்டு சிறைக்குப் போகிறாள். உண்மை தெரிந்த டோங்-உன் வாய் திறப்பதில்லை. அதாவது, செய்த எத்தனையோ கொடுமைகளுக்குத் தப்பித்தவள், தான் முழுதாகச் செய்யாத ஒரு கொலைக்குத் தண்டனை அனுபவிக்கிறாள். பார்க்கும்போது மனசு “சரி, வேண்டும்” என்கிறது. நீதி என்று அதற்குப் பெயர் வைக்க நாக்கு எழவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாதது யே-சோல். டோங்-உன் அந்தக் குழந்தையிடம் கடுமையாக நடந்துகொள்வதில்லை, உண்மை. ஆனாலும் அந்த வகுப்பறைக்குள் அவள் நுழைந்தது பாடம் சொல்லிக் கொடுக்கவா? அந்தப் பெண் அவளுக்கு ஒரு காய். கதை முடியும்போது அம்மா சிறையில். அப்பா என்று அழைத்தவர் பெற்றவர் இல்லை என்பதும் வெளியே வந்துவிட்டது. வளர்த்தவர் கைவிடாமல் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிறார் என்பதுதான் ஒரே ஆறுதல்.

என்னிடம் சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்ணகி மதுரையை எரிக்கும்போது தீக்கடவுளிடம் யாரைத் தொடக்கூடாது என்று சொல்கிறாள். அந்தப் பட்டியலில் குழந்தைகளும் உண்டு. அவ்வளவு கோபத்திலும் அவளுக்கு அந்த எல்லை தெரிந்திருந்தது. டோங்-உன்னுக்கும் தெரியும். தெரிந்தே தாண்டுகிறாள். அதனால்தான் எல்லாம் முடிந்ததும் அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. செத்துப்போகலாம் என்று மாடி விளிம்பில் போய் நிற்கிறாள். வென்றவள் ஏன் சாகப் போக வேண்டும்?

இங்கேதான் குறளைக் கொண்டுவருவீர்கள் என்று எனக்குத் தெரியும். தீங்கு செய்தவர் வெட்கப்படும்படி நன்மை செய்துவிடு என்கிறார் வள்ளுவர். நானும் முப்பது ஆண்டுக்கு மேல் அதை வகுப்பில் சொன்னவன். அந்தக் குறளை ஒழுங்காகப் படித்தால், எதிராளிக்கு வெட்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. யோன்-ஜினுக்கு அது இல்லை. 18 ஆண்டுக்குப் பிறகு நேரில் பார்த்தபோதும் அவளிடமிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை. கூட்டாளிகளும் அப்படியே. அடித்த கை மறந்துவிடுகிறது. அடி வாங்கிய உடம்பு மறக்கவில்லை. கடைசியில் மனசு குத்துவதும் அடி வாங்கியவளுக்கே.

இந்தத் தொடர் எனக்குச் சொன்னது இதுதான். குற்றவுணர்வு செய்த பாவத்தின் அளவுக்கு வருவதில்லை. மனசாட்சியின் அளவுக்குத்தான் வருகிறது. வெட்கமில்லாதவனைத் தண்டிக்கிற வேலையை வெட்கமுள்ளவளிடம் விட்டால், தண்டனையில் பாதியை அவளும் சேர்த்தே சுமக்கிறாள். அதனால் நான் டோங்-உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். அவள் செய்தது சரி என்றும் சொல்லமாட்டேன். அந்த வேலை அவளிடம் வந்து சேரும்படி விட்டவர்களைத்தான் கேட்பேன். போலீஸ், தாய், வகுப்பாசிரியர், அந்த அறையில் இருந்த மற்றவர்கள்.

கதைதானே என்று ஒதுக்கவும் முடியாது. 2006இல் தென்கொரியாவின் சொங்ஜு நகரில் ஒரு பள்ளி மாணவியை உடன் படித்தவர்களே முடி சுருட்டும் இரும்பால் சுட்டது உண்மையாக நடந்த வழக்கு. கதாசிரியர் கிம் உன்-சுக்கை எழுத வைத்தது அவர் மகள் கேட்ட ஒரு கேள்வி. நான் யாரையாவது அடித்தால் உனக்கு அதிக வலியா, நான் அடி வாங்கினால் அதிக வலியா என்று அந்தப் பெண் கேட்டாளாம். இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிகிற பெற்றோர் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. இரண்டாம் பாதி வெளியான அதே 2023 மார்ச்சில், தொடரின் இயக்குநர் ஆன் கில்-ஹோ மீதே புகார் வந்தது. 1996இல் பிலிப்பைன்ஸில் இருந்தபோது மாணவர்களை அடித்தார் என்று. முதலில் மறுத்தார். பிறகு வழக்கறிஞர் மூலம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இத்தனை ஆண்டு கழித்து, இந்தக் கதையையே எடுத்த பிறகும், முதலில் வந்தது மறுப்புதான். அந்த ஏப்ரலில் கொரிய அரசு பள்ளி வன்முறைப் பதிவுகளைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணக்கில் எடுக்கப்போவதாக அறிவித்தது. தண்டனைப் பயம் கொஞ்சம் உதவும். வெட்கத்தை அது கற்றுத் தராது. அதை வீடும் வகுப்பும்தான் தர வேண்டும்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். பிள்ளை அடி வாங்கி வந்தால் உடனே பள்ளிக்கு ஓடுகிறோம், நல்லது. பிள்ளை அடித்துவிட்டு வந்தால்? “சின்னப் பிள்ளைங்க விளையாட்டு சார்” என்று சொல்லி முடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு உங்கள் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அந்த வாசலில் நிற்கும்போது வருகிற கூச்சம் உயிருள்ளவரை கூட வரும். ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, ஒரு பெண் புகாரோடு ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தால், கையிலிருக்கும் விடைத்தாள்கட்டைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். அவள் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில்தான் வாய் திறக்கமாட்டீர்கள், இங்கேயாவது திறங்கள்.