பாரவண்டியின் ஆட்டமும் அதனைத் தடுக்கும் வழியும்

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நடைபெறும் தீர்த்தவாரிக்கு மயிலம், தீவனூர், திண்டிவனம் முதலிய ஊர்களின் உற்சவமூர்த்திகள் எழுந்தருளுவது வழக்கம். சுற்றுவட்டாரத்து மூர்த்திகளிற் சில டிராக்டர் இழுக்கும் டிரெய்லர்களில் வருவதுமுண்டு. மாசி, கரும்பு அரவைப் பருவமுமாகும். ஆகவே, நெல்லிக்குப்பத்திற்கும் முண்டியம்பாக்கத்திற்கும் கரும்பேற்றிச் செல்லும் வண்டிகளும் அதே நாட்களில் சாலைகளில் நிறைந்திருக்கின்றன. இவ்விருவகைப் பாரத்திற்கும் பொதுவான அபாயம் ஒன்றுண்டு. அது, டிரெய்லர் பாம்பைப் போல் இருபுறமும் வாலாடுவதாகும்.

அவ்வாறு ஆடிக் கவிழ்ந்தால், ஓட்டியவரை நிந்திப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இது நியாயமன்று. ஆட்டத்தின் விதை பெரும்பாலும் வண்டி வயலை விட்டுப் புறப்படுமுன்னரே, பாரம் ஏற்றும்போது ஊன்றப்படுகிறது.

மாட்டு வண்டி ஓட்டிய குடியானவருக்கு இது புதிய விஷயமன்று. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மாடு திணறுவதைக் கண்டவுடன் அவர் இரண்டு மூட்டைகளை இடம் மாற்றிவிடுவார். டிராக்டருக்கோ திணறும் கழுத்தில்லை. ஆதலின் பாரத்தின் சமனிலையைப் பார்க்கும் வழக்கமே நம்மிடம் மறைந்துவருகிறது.

இரு சக்கர டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால், இணைப்புக் கொக்கி மேல்நோக்கி இழுக்கப்படும். டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையைப் பற்றும் வலி குறையும். அப்போது ஒரு பள்ளம் வண்டியின் வாலைச் சிறிது தள்ளினாலும், அது ஊஞ்சலைப் போல் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் பெருகும்.

ஆகவே, மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கேனும் கொக்கியின்மீது இறங்குமாறு, கனத்தில் அதிக பாகத்தை அச்சுக்குச் சற்று முன்னால் அமைத்தல் வேண்டும். வண்டியும் பாரமும் சேர்ந்து 3 டன்னாயின், இது 300 கிலோவாகும். இதனை அளவு கடந்து மிகுத்தலும் தீங்கே. டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்புதலுக்கு அடங்காமற்போகும். மேல்வரம்பை டிராக்டருடன் தரும் கைப்புத்தகத்திற் காண்க. நான்கு சக்கர டிரெய்லரிலோ, பாரம் இரண்டு அச்சுகளுக்கும் ஒத்துப் பரவியிருத்தல் வேண்டும்.

கரும்புக் கட்டுகளைப் பின்பலகைக்கு வெளியே நீளவிடுவதும், உயரமாக அடுக்குவதும் தவிர்க்கத்தக்கவை. சப்பரம் அமைப்போர், விளக்குகளுக்கான ஜெனரேட்டரை வாலில் வைக்கலாகாது. உயர்ந்த சப்பரத்தில் ஆட்களையும் ஏற்றினால் கவிழும் அபாயம் இரட்டிக்கும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை சில. இணைப்பு முளை தேய்ந்து தளர்ந்திருத்தல் கூடாது. அது நழுவாதபடி பூட்டூசி இட்டிருத்தல் வேண்டும். இருபுறத்து டயர்களிலும் காற்று சமமாக இருத்தல் வேண்டும். யாவற்றினும் முக்கியமானது, டிராக்டரின் இடது வலது பிரேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டுவதாகும். உழவில் திரும்புவதற்காகத் தனித்தனியே விடப்பட்ட மிதிகளுள் ஒன்றைமட்டும் சாலையில் மிதித்தால், டிராக்டர் ஒருபுறம் வெட்டித் திரும்ப, பின்னுள்ள பாரம் அதனைத் தள்ளிக் கவிழ்க்கும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால், வேகத்தைக் கூட்டிச் சரிசெய்ய முயல்வதும், திடீரெனப் பிரேக் மிதிப்பதும், சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் திருப்புவதும் ஆகா. சக்கரத்தை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியைப் படிப்படியாகத் தளர்த்தி வேகம் குறைய விடுதலே தகும். இறக்கத்தில் கியரை விடுவித்து உருளவிடுதல் ஒருபோதும் கூடாது.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குக் காசு செலவில்லை. எனினும் ஏற்றுக்கூலி டன் கணக்கில் கிடைப்பதால், ஏற்றுவோருக்குப் பாரத்தின் அளவே முக்கியம். அதன் இடம் அன்று. ஆகையால் அப்பொறுப்பு வண்டியின் சொந்தக்காரரைச் சார்ந்தது. அவர் ஏற்றுமிடத்தில் நின்று பார்த்துப் பத்துக் கட்டுகளை முன்னால் நகர்த்தச் செய்வாராயின், ஓட்டுபவரின் உயிரையும், திருவிழாச் சாலையில் குழந்தைகளுடன் நடந்து செல்வோரின் உயிரையும் காத்தவராவார். மாட்டின் கழுத்தைப் பார்த்துப் பாரம் ஏற்றிய நம் முன்னோரின் கண், டிராக்டர் காலத்திலும் நமக்கு வேண்டும்.