வயலுக்கு வராத கணக்கு

கணிதம் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துபோகும் பாடம் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. பிள்ளை சித்தியடைந்தால் மகிழ்கின்றோம். தவறினால், “அவனுக்குக் கணக்கு ஓடாது” என்று கூறி வயலுக்கு அனுப்புகின்றோம். ஆனால், கணக்கு மிகுதியாக வேண்டப்படும் இடம் அவ்வயலே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது நெல் சந்தைப்படுத்தும் சபையின் விதி. கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர், 20 சதவீத ஈரப்பதனுள்ள 100 கிலோ நெல்லைத் தனியார் வியாபாரியிடம் கொண்டுசெல்கின்றார் எனக் கொள்வோம். ஈரத்துக்கென்று வியாபாரி பத்துக் கிலோவைக் கழிக்கின்றார். இது நீதியா? இருபதிற் பதினான்கு போக ஆறு, ஆகவே ஆறு கிலோவே கழிக்கத்தக்கது என்று கமக்காரர் வாதாடுவாராயின் அதுவும் பிழையே. நூறு கிலோவில் நீர் 20 கிலோ. எஞ்சியது 80 கிலோ. உலர்ந்தபின் இந்த 80 கிலோ, மொத்த நிறையின் 86 சதவீதமாதல் வேண்டும். அம்மொத்த நிறையை ‘க’ என்போம். 0.86 க = 80; எனவே க ஏறக்குறைய 93. கழிக்கத்தக்கது ஏழு கிலோ. மூன்று கிலோ நெல் வீணே பறிபோகின்றது; பத்தாயிரம் கிலோவுக்கு முந்நூறு கிலோ! அதைக் காக்க ஒருவரி அட்சரகணிதமே போதுமாயிருந்தது.

கடனுக்கு வருவோம். முல்லைத்தீவுப் பெண்ணொருவர் 50,000 ரூபாவை ஆண்டுக்கு 24 சதவீத வட்டிக்குப் பெற்று, பன்னிரண்டு மாதத் தவணைகளிற் செலுத்துகின்றார் எனக் கொள்வோம். முழுத் தொகைக்கும் வட்டி 12,000 ரூபா. மாதத் தவணை ஏறக்குறைய 5,167 ரூபா. ஆனால், மாதந்தோறும் முதல் குறைவதால், ஆண்டு முழுவதிலும் சராசரியாக அவர் கையில் நிற்பது முதலிற் பாதியளவே. பாதிப் பணத்துக்கு முழுப் பணத்தின் வட்டி! உண்மையான வட்டி 40 சதவீதத்தைத் தாண்டுகின்றது. வரட்சியால் நலிந்த மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018 இல் அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

நிகழ்தகவு பகடைக்கும் நாணயத்துக்கும் மட்டும் உரியதன்று. ஐந்தாண்டுக்கு ஓராண்டு வரட்சி வரும், ஓராண்டின் மழை மறு ஆண்டைப் பாதியாது எனக் கொள்வோம். ஓராண்டு தப்புவதற்கான நிகழ்தகவு ஐந்தில் நான்கு. ஐந்தாண்டும் தப்புவதாயின், அதை ஐந்து முறை பெருக்குதல் வேண்டும். விடை மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஐந்தாண்டுத் தவணையில் உழவு இயந்திரம் வாங்குபவர், ஓராண்டேனும் வயல் பொய்க்கும் என்று எண்ணி முன்னரே சேமித்தல் அறிவுடைமையாகும்.

இக்கணக்குகளில் எதுவும் சாதாரண தரப் பாடத்தின் எல்லைக்கு வெகுதூரம் அப்பாற்பட்டதன்று. “இவை பரீட்சைக்கு உதவுமா?” என்று கேட்பாருளர். பொருள் விளங்கிய பிள்ளைக்குச் சூத்திரம் மறவாது என்பதே எமது விடை. உயர்தர வகுப்பிற் சேர்வதற்குத் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டுமென்பது பொதுவிதி. அந்தச் சித்திக்கு வேண்டுவது 35 புள்ளியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் நிற்கின்றது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வாயிலில் வந்து நிற்கும் கல்விக்கூடங்களுள் வன்னிப் பிள்ளை நுழையாமற்போனால் அக்கட்டடங்களால் எமக்கு யாது பயன்?

1947 இல் வவுனியா மக்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பிய சி. சுந்தரலிங்கம், பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். கணித வல்லுநரைத் தெரிந்த மண், கணிதத்துக்கு அஞ்சும் மண்ணாகலாமா?

பின்தங்கிய கிராமத்துப் பாடசாலைகளிற் கணித ஆசிரியர் இடம் வெறுமையாகக் கிடக்க விடலாகாது. இஃது கல்வி அதிகாரிகளின் கடமை. பொறியியலாளரும் கணக்காளரும் வங்கி உத்தியோகத்தரும் வாரத்தில் ஒரு மாலையை ஊர்ப் பாடசாலைக்கு அளித்தல் வேண்டும். கமக்காரர் தம் நெற் பற்றுச்சீட்டையும் கடன் பத்திரத்தையும் பிள்ளையின் கையிற் கொடுத்து, “இதைச் சரிபார்” எனக் கேட்டல் வேண்டும். அன்றே கணக்கு வயலுக்கு வரும். விளைந்த நெல்லின் பயனும் வீடு வந்து சேரும்.