பாட நாவல்கள் மாணவரை ஏன் எட்டுவதில்லை?

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு இலக்கியத்தைத் தெரிவுப் பாடமாக எடுக்கும் மாணவரிற் கணிசமானோர், விதிக்கப்பட்ட நாவலை முழுமையாக வாசிக்காமலேயே பரீட்சை மண்டபத்துக்குள் நுழைகின்றனர். ரியூஷன் வகுப்பிற் கிடைத்த கதைச்சுருக்கமும், மனனம் செய்த பாத்திரப் பண்புகளுமே அவர்கள் கையில் இருப்பவை. ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை அறியாதவர்களல்லர். கடுகண்ணாவை போன்ற சிறு நகரங்களின் பாடசாலைகளில் மட்டுமன்றி, வசதி நிறைந்த நகரப் பாடசாலைகளிலும் இதே நிலைமைதான்.

இதற்குக் காரணம் கேட்டால் உடனே கிடைக்கும் பதில் கையடக்கத் தொலைபேசி என்பதாகும். அதிற் சிறிதளவு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், தொலைபேசி வருவதற்கு முன்னரும் குறிப்புப் புத்தகங்கள் தாராளமாக விற்பனையாகின. தமக்குப் பிடித்த கதையை இரவிரவாக வாசித்து முடிக்கும் பிள்ளையே பாட நாவலின் பத்தாம் பக்கத்தில் நின்றுவிடுகின்றது. ஆகவே, குறையை மாணவரின் சோம்பலில் மட்டும் தேடுவது பொருத்தமற்றது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சாதாரணதர ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு அண்மைக் காலத்தில் விதிக்கப்பட்ட நாவல்களுள் மார்க் ட்வைன் 1881இல் வெளியிட்ட 'இளவரசனும் ஏழையும்' ஒன்றாகும். அமெரிக்கரான அவர், தமக்கு மூன்று நூற்றாண்டுகள் முந்திய இங்கிலாந்தின் கதையை எழுதினார். பாத்திரங்களின் உரையாடலை வேண்டுமென்றே வழக்கொழிந்த ஆங்கிலத்தில் அமைத்தார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மலையகத்துப் பிள்ளை, தான் பாடப்புத்தகத்திற் படித்த ஆங்கிலத்தை அங்கே காண்பதில்லை. எட்டாம் ஹென்றி யார், அவர் இறந்தபோது ஒரு சிறுவன் ஏன் அரசனானான் என்பதையும் அப்பிள்ளைக்கு எவரும் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. மொழி ஒரு சுவர். காலம் இன்னொரு சுவர். இரண்டையும் தனியே தாண்டச் சொல்லிவிட்டு, தாண்டாத பிள்ளையைக் குறை கூறுகின்றோம்.

இது அந்நிய மொழி நாவலுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ட்வைனின் நாவல் வெளிவந்து 4 ஆண்டுகளின் பின்னர், 1885இல், 'அசன்பே சரித்திரம்' வெளியாயிற்று. இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அந்நூலை எழுதியவர், 1838இல் கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை அவர்கள். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882இல் தொடங்கியவரும் அவரே. நமது மண்ணின் மைந்தர் நமது மொழியில் எழுதிய நூலேயாயினும், அதனை இன்று ஒரு மாணவனிடம் கொடுத்தால் அவனும் முதற் பக்கங்களிலேயே தடுமாறுவான். கதை எகிப்தில் ஆரம்பித்து இந்தியாவின் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் செல்கின்றது. 'கண்டியிலிருந்த ஒருவர் ஏன் எகிப்தைப் பற்றி எழுதினார்?' என்று மாணவன் கேட்பது நியாயமே.

அக்கேள்விக்கு விடை தொலைவில் இல்லை. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராகக் கிளர்ந்து தோல்வியுற்ற ஒராபி பாஷா 1883இல் பிரித்தானியரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். பிற்காலத்தில் அவர் கண்டியில் வசித்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்பட்டு வருகின்றது. கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் அங்கு சென்றுவிடலாம். 'பே' என்பது துருக்கியர் ஆட்சியில் வழங்கிய கௌரவப் பட்டம் என்று ஆசிரியர் ஒரு நிமிடத்திற் கூறிவிட்டால் நூலின் பெயரே விளங்கிவிடும். 1867இல் ரயில் பாதை கடுகண்ணாவைக் கணவாய் வழியே கண்டியை எட்டியபோது சித்திலெவ்வை இருபத்தொன்பது வயது இளைஞர். அன்றாடம் ரயிலின் ஒலி கேட்டு வளரும் கடுகண்ணாவைப் பிள்ளைக்கு இதனை எடுத்துக்கூறினால் அந்தக் காலம் அந்நியமாகத் தோன்றாது. தடையாக நிற்பது நாவலின் பழைமையன்று. அதனைச் சூழ்ந்திருந்த உலகம் மாணவனுக்குக் காட்டப்படாமையே.

இங்கு நமது சமூகங்களுக்கே உரிய ஒரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். கண்டிப் பிரதேசத்தில் முஸ்லிம் பிள்ளை வீட்டிற் பேசும் தமிழ் ஒருவகை. தோட்டத்துப் பிள்ளை லயத்திற் பேசும் தமிழ் இன்னொரு வகை. வீதியில் இருவரும் சிங்களம் பேசுகின்றனர். பாடநூலின் தமிழோ இருவருக்கும் சற்றுத் தூரத்திலேயே நிற்கின்றது. ஆயினும், 'மிஸ்ர்' என்றால் எகிப்து என்பது குர்ஆன் மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) நூலில் வரும் புராணக் குறிப்பை இந்துப் பிள்ளை விளக்க முடியும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யில் வரும் தோட்டத்துச் சொல்லுக்குத் தோட்டத்துப் பிள்ளையே ஆசிரியராகலாம். ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இவர்கள் ஒருவருக்கொருவர் அகராதியாக இருக்கக்கூடியவர்கள். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல், எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பது பெரும் இழப்பாகும்.

குறிப்பு எழுதிக் கொடுக்கும் ஆசிரியரை மாத்திரம் குற்றஞ்சாட்டுவதும் நீதியாகாது. வினாத்தாள் எதைக் கேட்கின்றதோ அதையே அவர் கற்பிக்கின்றார். இன்ன பாத்திரத்தின் பண்புகளை உதாரணங்களுடன் விளக்குக என்ற வினாவுக்கு, நூலைத் தொடாதவனும் குறிப்பை மனனம் செய்து நல்ல புள்ளி பெற முடியும். நூலை வாசித்து, சொந்தமாகச் சிந்தித்து, திக்கித் திணறி எழுதியவன் அவனுக்குப் பின்னால் நிற்கின்றான். அப்படியாயின், வாசிப்பது வீண் வேலை என்ற பாடத்தையல்லவா பரீட்சை புகட்டுகின்றது?

பழைய நாவல்களை அகற்றிவிட்டு எளிய புதிய கதைகளை வைத்தால் என்ன என்று சிலர் வாதிடுகின்றனர். சமகால எழுத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பழையவற்றை முற்றாகக் கைவிட்டால் அதனால் நட்டப்படுவோர் வசதியற்ற பிள்ளைகளே. வீட்டில் நூலகம் உள்ள பிள்ளை எப்படியும் அவற்றைக் கண்டுகொள்ளும். பாடசாலையைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளைக்குச் சித்திலெவ்வையும் ட்வைனும் வெறும் பெயர்களாகவே மிஞ்சுவர். தன் சமூகத்தின் முதல் நாவலை வாசிக்க இயலாத தலைமுறை, தன் வரலாற்றைப் பிறர் சொல்லக் கேட்கும் தலைமுறையாகவே இருக்கும்.

செய்ய வேண்டியவை பெருஞ் செலவை வேண்டுபவையல்ல. முதல் இரண்டு அத்தியாயங்களை ஆசிரியர் வகுப்பிலேயே உரத்து வாசித்துத் தொடக்கிவைக்கலாம். நூலின் காலம், இடம், அருஞ்சொற்கள் ஆகியவற்றை விளக்கும் சில பக்கங்களைத் தேசிய கல்வி நிறுவகம் தயாரித்து வழங்கலாம். பரீட்சைத் திணைக்களம், நாவலின் ஒரு பகுதியைத் தந்து மாணவனின் சொந்தக் கருத்தை வேண்டும் வினாக்களுக்குக் கூடுதல் புள்ளி ஒதுக்கலாம். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புத்தக விலை பல குடும்பங்களுக்கு எட்டாததாகிவிட்ட நிலையில், பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல், கோவில் நிர்வாகங்களும் பாடசாலை நூலகத்துக்குப் பாட நாவலின் சில பிரதிகளையேனும் வாங்கிக் கொடுக்கலாம். அந்த நூலகம் பூட்டப்படாமல் திறந்திருப்பதை அதிபர்கள் உறுதிசெய்ய வேண்டும்.

நாவல் ஒன்றை விதிப்பதுடன் கல்வி அதிகாரிகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதனை வாசிப்பதற்கான வழியையும் சேர்த்துக் கொடுத்தாலே அக்கடமை நிறைவுறும். அடுத்த பாடத்திட்டத்தைத் திட்டமிடுவோர் நூல்களின் பட்டியலைத் தயாரிக்கும்போதே இதனையும் கவனத்திற் கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.